எட்டடி தூரத்தில் ஆறாவது கோப்பை

2009 ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை மாலை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கடற்கரையில் உள்ள டர்ன்பெரி கோல்ஃப் மைதானம். ஓப்பன் சாம்பியன்ஷிப்பின் நான்காம் நாள் ஆட்டம் கடைசி ஹோலுக்கு வந்துவிட்டது. ஒரு ஷாட் முன்னிலையில் நிற்கும் டாம் வாட்சனுக்கு வயது 59. அறுபதாவது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. இடுப்பு மூட்டை அகற்றிவிட்டுச் செயற்கை மூட்டு பொருத்தி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஹோலை நான்கு ஷாட்டில் முடித்தால் கோப்பை அவருக்கு.

அந்த வயதில் யாரும், கோல்ஃபின் உச்சப் போட்டிகளான மேஜர்களில் எந்தப் பட்டத்தையும் வென்றதில்லை. 1968-ல் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை 48 வயதில் வென்ற ஜூலியஸ் போரோஸ்தான் அன்றுவரை மிக மூத்த மேஜர் சாம்பியன். ஓப்பனை மட்டும் எடுத்துக்கொண்டால், 1867-ல் 46 வயதில் வென்ற பெரிய டாம் மாரிஸின் சாதனை அப்படியே நிற்கிறது. வாட்சன் ஜெயித்திருந்தால் போரோஸின் சாதனையைப் பதினோரு ஆண்டுகள் தள்ளி வைத்திருப்பார். அதோடு, ஓப்பனை ஆறு முறை வென்ற ஹாரி வார்டனுக்குச் சமமாகவும் நின்றிருப்பார்.

அவர் ஜெயிக்கவில்லை. அப்படியிருந்தும் அந்த நான்கு நாட்களைக் கோல்ஃப் உலகம் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. 'பாவம், வயதானவர் தோற்றுப்போனார்' என்ற இரக்கத்தோடு அந்தப் பேச்சை முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அன்று அங்கே நடந்ததை ஷாட் ஷாட்டாகப் பார்த்தால், விளையாட்டில் தோல்வி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது எத்தனை விதமான விஷயங்களின் கலவை என்பது புரியும்.

காணாமல்போன முதல் பந்து

வாட்சன் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்காரர். ஸ்டான்ஃபோர்டில் உளவியல் படித்தவர். அவர் பழகிய அமெரிக்க மைதானங்களில் புல் மெத்தென்று இருக்கும். வானத்திலிருந்து இறங்கும் பந்து விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஸ்காட்லாந்தின் கடற்கரை மைதானங்களை 'லிங்க்ஸ்' என்பார்கள். மணல் பூமி, கட்டாந்தரை, மேடும் பள்ளமுமான நிலம், ஓயாத காற்று. அங்கே பந்தை அடிப்பது பாதி வேலைதான். விழுந்த பிறகு அது எங்கே போகும் என்பதை நிலம் தீர்மானிக்கும்.

1975-ல் கார்னூஸ்டியில் நடந்த ஓப்பனுக்கு அவர் முதல்முறையாக வந்தார். பயிற்சிக்காகப் பக்கத்து ஊரான மோனிஃபீத்தில் ஆடினார். முதல் ஷாட்டை நடுவில், நேராக அடித்தார். நடந்து போய்ப் பார்த்தால் பந்தைக் காணோம். தேடித் தேடி, கடைசியில் ஓரமாக இருந்த ஒரு மணற்குழியில் கண்டுபிடித்தார்கள். நேராக அடித்ததற்கு இதுதான் பலனா என்று அவருக்கு வெறுத்துப்போனது. ஆனாலும் அதே வாரம், சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் ஜாக் நியூட்டனை வீழ்த்தி, முதல் முயற்சியிலேயே ஓப்பனை வென்றார்.

கோப்பை கிடைத்தும் லிங்க்ஸ் ஆட்டம் அவருக்குப் பல வருடம் பிடிக்கவில்லை. 1977, 1980 என்று வரிசையாக ஜெயித்துக்கொண்டே அந்த மைதானங்களை மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தார். 1981-ல் நண்பர் சாண்டி டேட்டமுடன் அயர்லாந்தின் பாலிபனியனுக்கும் ஸ்காட்லாந்தின் ராயல் டார்னாக்குக்கும் போய் ஆடியபோதுதான் மனம் மாறியது. நல்ல ஷாட்டுக்குக் கெட்ட பலன் கிடைக்கலாம், கெட்ட ஷாட்டுக்கு நல்ல பலனும் கிடைக்கலாம். அதை முறையிடாமல் ஏற்றுக்கொண்டு அடுத்த ஷாட்டுக்குப் போவதுதான் இந்த ஆட்டம் என்று ஒப்புக்கொண்டார். 1982-லும் 1983-லும் மறுபடி சாம்பியன் ஆனார். மொத்தம் ஐந்து ஓப்பன்.

ஆறாவதுக்கான முதல் வாய்ப்பு 1984-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் வந்தது. செவே பாலஸ்டெரோஸுடன் சமநிலையில் 17-வது ஹோலுக்கு வந்தார். அங்கே இரண்டாவது ஷாட் குழியைச் சுற்றியுள்ள கிரீனைத் தாண்டிப் போய், சாலையோரக் கற்சுவரை ஒட்டி நின்றது. கோப்பை பாலஸ்டெரோஸுக்குப் போனது. அதற்குப் பிறகு வாட்சன் ஒரு மேஜர்கூட ஜெயிக்கவில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து அவருடைய சின்னத் தூர பட்கள் கைவிடத் தொடங்கின. கிரீனில் பந்தைத் தரையோடு உருட்டி அடிக்கும் அந்த பட்தான் ஒரு காலத்தில் அவருடைய பலம். வரிந்துகட்டிக்கொண்டு தைரியமாக அடிப்பார். குழியைத் தாண்டி ஐந்தடி போனாலும் கவலைப்படாமல் திரும்ப வரும் பட்டைப் போட்டுவிடுவார். அந்தத் தைரியம் வருடத்துக்கு வருடம் கரைந்தது.

பதினாறும் ஐம்பத்தொன்பதும்

டர்ன்பெரி அவருக்குப் புது இடமல்ல. 1977-ல் அங்கேதான் ஜாக் நிக்லஸுடன் கடைசி இரண்டு நாளும் ஜோடியாக ஆடி, ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில் ஜெயித்தார். கடைசி இரண்டு சுற்றில் வாட்சன் 65, 65. நிக்லஸ் 65, 66. மூன்றாவதாக வந்த ஹியூபர்ட் கிரீன், நிக்லஸுக்கே பத்து ஷாட் பின்னால் இருந்தார். இந்த விளையாட்டின் மிகச் சிறந்த நேருக்கு நேர் மோதலாக இன்றும் பலர் சொல்வது அதைத்தான்.

2009-ல் அவரை யாரும் கணக்கில் வைக்கவில்லை. பழைய சாம்பியன்கள் 60 வயதுவரை ஓப்பனில் ஆடலாம் என்ற விதி இருந்ததால் வந்தவர் என்றே பலரும் நினைத்தார்கள். முதல் இரண்டு நாளும் அவரோடு ஒரே குழுவில் ஆடியவர்களில் ஒருவர் இத்தாலியின் மத்தேயோ மனசேரோ, 16 வயதுப் பையன். வாட்சன் முதல் நாள் 65 அடித்தார். பார்த்தவர்கள் ஒரு நல்ல நாள் என்று கைதட்டினார்கள். இரண்டாம் நாள் காற்று பலமாக வீசியது. டைகர் உட்ஸ் கடைசி இரண்டு நாளுக்கான தகுதிக்கோட்டைத் தாண்ட முடியாமல் ஊருக்குக் கிளம்பினார். வாட்சனோ நீண்ட தூர பட்களைப் போட்டு 70 எடுத்து, ஸ்டீவ் மரினோவுடன் முதலிடத்தில் நின்றார். மூன்றாம் நாள் 71. இப்போது தனியாக முதலிடம். அதற்குமேல் அது அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை.

உடல்பலத்தில் இளைஞர்களோடு அவரால் மோத முடியாது. அவர்களிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது: அந்த நிலத்தைப் பற்றிய அறிவு. எந்தக் கொடியை நேராகக் குறிவைக்கக் கூடாது, எந்தக் காற்றில் பந்தைத் தாழ்வாக ஓட்ட வேண்டும், முப்பது கெஜம் முன்னாலேயே பந்தைத் தரையில் விட்டு உருட்டி கிரீனுக்குக் கொண்டுபோவது எங்கே நல்லது என்பதெல்லாம் முப்பத்துச் சொச்சம் வருடப் பாடம். அமெரிக்க மைதானத்தில் வயது ஒரு சுமை. லிங்க்ஸில் அது ஓரளவு மூலதனம்.

எட்டாம் எண் அயர்ன்

கடைசி நாள் சுலபமாக அமையவில்லை. முதல் ஹோலிலும் மூன்றாவதிலும் ஒவ்வொரு ஷாட் கூடுதலாகப் போனது. ராஸ் ஃபிஷர் முன்னிலைக்கு வந்து, ஐந்தாவது ஹோலில் எட்டு ஷாட் எடுத்துச் சரிந்தார். லீ வெஸ்ட்வுட் முன்னால் வந்தார். கடைசி ஹோலில் மூன்று பட் எடுத்து, பிளே-ஆஃபை ஒரு ஷாட்டில் தவறவிட்டார். ஸ்டூவர்ட் சிங்க் 18-வது ஹோலில் நல்ல பட் ஒன்றைப் போட்டு, 69-உடன் முடித்துவிட்டுக் காத்திருந்தார். வாட்சன் 17-வது ஹோலில் ஒரு ஷாட்டை மீட்டு, தனி முன்னிலையோடு கடைசி ஹோலுக்கு வந்தார்.

முதல் ஷாட் ஃபேர்வேயின் நடுவில். கிரீனுக்கு இன்னும் 187 கெஜம் இருந்தது. பின்காற்று. எட்டாம் எண் அயர்ன் மட்டையா, அதைவிடக் குறைந்த தூரம் அடிக்கும் ஒன்பதா என்று யோசித்து எட்டை எடுத்தார். அடித்த ஷாட்டில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. கொடியை நோக்கியே போனது. ஆனால் பின்காற்றில் வரும் பந்துக்குத் தரையைப் பற்றி நிறுத்தும் சுழற்சி குறைவு. கிரீனில் விழுந்து, குதித்து, ஓடி, கொடியைத் தாண்டிப் பின்பக்கச் சரிவில் இறங்கி, புல் வளர்ந்திருக்கும் விளிம்பை ஒட்டி நின்றது. சில கெஜம் முன்னால் விழுந்திருந்தால் கொடிக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்.

அங்கிருந்து பட்டரை எடுத்தார். மேட்டில் ஏறிப் போக வேண்டிய பந்து கொஞ்சம் வேகமாகப் போய், குழியைத் தாண்டி எட்டடி தள்ளி நின்றது. அந்த எட்டடியைப் போட்டால் ஆறாவது ஓப்பன். குனிந்தார், அடித்தார். பந்து குழிக்குப் போய்ச் சேரவே இல்லை. வலப்பக்கம் விலகி, முன்னாலேயே நின்றுவிட்டது. எந்த அடி அவரை இருபது வருடமாக வாட்டியதோ, அதே அடி.

வாட்சனும் சிங்கும் 278-ல் சமம். நான்கு ஹோல் பிளே-ஆஃபில் வாட்சனிடம் எதுவும் மிச்சமில்லை. கால்கள் தளர்ந்துவிட்டன. 17-வது ஹோலில் பந்து நீளப் புல்லுக்குள் போனது, ஏழு ஷாட். சிங்க் நான்கு ஹோலையும் 14 ஷாட்டில் முடித்தார், வாட்சன் 20. நான்கு நாள் 72 ஹோலில் பிரிக்க முடியாத இருவரை, கடைசி நான்கு ஹோல் ஆறு ஷாட் தள்ளி வைத்தது.

எது தவறு, எது விதி

இந்தத் தோல்வியைப் பேசும்போது பெரும்பாலோர் அந்த எட்டாம் எண் அயர்னைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ஒன்பதை எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. பந்து எங்கே நின்றது என்று தெரிந்த பிறகு தீர்ப்புச் சொல்வது யாராலும் முடியும். கையில் இருந்த தகவலை வைத்துச் சரியாக யோசித்து, சரியாக அடித்த ஷாட் அது. அதன் பலன் தரையிடம் இருந்தது. பட் அப்படியல்ல. எட்டடிப் பட்டில் காற்றும் இல்லை, குதிப்பும் இல்லை. அது ஆட்டக்காரரின் பொறுப்பு.

இந்த இரண்டையும் வாட்சனே பிரித்துச் சொன்னார் என்பதுதான் என்னை அவர் பக்கம் இழுக்கிறது. அன்று மாலை பத்திரிகையாளர்களிடம் அந்த எட்டாம் எண் அயர்னைத் தான் நினைத்தபடியே அடித்ததாகச் சொன்னார். பட் மோசமானது என்பதையும் மறைக்கவில்லை. காற்றைத் திட்டவில்லை, தரையைத் திட்டவில்லை, வயதைக் காரணம் காட்டவில்லை. அறைக்குள் நுழைந்தபோது எல்லோரும் முகம் வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இது ஒன்றும் சாவு வீடு இல்லையே" என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். வலித்தது என்பதையும் ஒப்புக்கொண்டார். நம் கையில் இருப்பதற்கு முழுப் பொறுப்பு, கையில் இல்லாததைப் பற்றிப் புகார் இல்லை: லிங்க்ஸ் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான். அந்தப் பாடம் ஐந்து முறை கோப்பையைத் தந்தது, ஆறாவது முறை தரவில்லை. தராதபோதும் அவர் அதைக் கைவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று உலகமே வாட்சன் பக்கம் நின்றதால் ஸ்டூவர்ட் சிங்க் கிட்டத்தட்ட வில்லன் ஆக்கப்பட்டார். அவருக்கும் ஒரு பழைய காயம் இருந்தது. 2001-ல் சதர்ன் ஹில்ஸில் நடந்த யு.எஸ். ஓப்பனின் கடைசி ஹோலில், இரண்டடிகூட இல்லாத ஒரு பட்டைத் தவறவிட்டார். பின்னால் வந்த ரெட்டிஃப் கூசன் அதே கிரீனில் மூன்று பட் எடுத்தபோதுதான், அந்தச் சின்னப் பட்டைப் போட்டிருந்தால் தானும் பிளே-ஆஃபுக்குப் போயிருக்கலாம் என்பது தெரிந்தது. எட்டு வருடம் அதைச் சுமந்துகொண்டு ஆடியவர், டர்ன்பெரியில் கிடைத்த வாய்ப்பை நழுவவிடவில்லை. அது அவர் உழைத்துச் சம்பாதித்த கோப்பை. வாட்சனும் சிங்கைப் பாராட்டத் தயங்கவில்லை.

வாட்சன் அந்தத் தோல்வியோடு ஆட்டத்தை நிறுத்தவும் இல்லை. 2011 ஓப்பனில், 61 வயதில், ராயல் செயின்ட் ஜார்ஜஸின் ஆறாவது ஹோலை ஒரே ஷாட்டில் முடித்தார். 2014-ல் 64 வயதில் தகுதிக்கோட்டைத் தாண்டி நான்கு நாளும் ஆடினார். மிக மூத்த மேஜர் சாம்பியன் என்ற பெயர் 2021-ல், 50 வயதில் பி.ஜி.ஏ. பட்டம் வென்ற ஃபில் மிக்கெல்சனுக்குப் போனது. மிக்கெல்சன் உடைத்தது போரோஸின் சாதனையை. மிக்கெல்சனின் அந்த வயதுக்கும் ஒன்பது வயது மேலே இருந்த ஒருவர் எட்டடி தூரம்வரை வந்து நின்றதை இன்னும் யாரும் எட்டிப்பிடிக்கவில்லை.

பட்டியல் ஜெயித்தவர் பெயரை மட்டும்தான் எழுதும். அதன் வேலை அது. ஆனால் விளையாட்டைப் பார்ப்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒருவர் எவ்வளவு தூரம் வந்தார், எதைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், கைநழுவியபோது யாரைக் குற்றம் சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்த்து மதிப்பிட வேண்டும். அப்படி மதிப்பிட்டால், 2009 ஓப்பனில் டாம் வாட்சன் இரண்டாவதாக வந்ததை அவருடைய ஐந்து கோப்பைகளுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம்.