ஒரு நாள் கரையோரப் பயணமும் கொமிஷன் கணக்கும்

மலேசியாவிலிருந்து எனக்கு நீண்ட காலமாக பிளாஸ்டிக் சாமான் அனுப்பும் ஒருவர் மனைவியுடன் கொழும்புக்கு வந்திருந்தார். சரக்கு விடயம் பேசி முடித்த பிறகு, "இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது, காலி வரை போய்க் கடற்கரையைப் பார்க்க ஆசை" என்றார். தெரிந்த ஒருவர் மூலம் தனி வாகனமும் வழிகாட்டியும் ஏற்பாடு செய்து கொடுத்தேன். விலை மலிவாக இருந்தது. நானும் வியாபாரிதானே, மலிவு என்றதும் சந்தோஷப்பட்டேன்.

இரவு ஹோட்டலுக்குப் போய், பயணம் எப்படி என்று கேட்டேன். "உங்கள் நாட்டில் கடைகள் நன்றாக இருக்கின்றன" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு இருக்கவில்லை. விசாரித்ததில், காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டு, முதலில் பத்திக் கடை, பிறகு மாணிக்கக்கல் கடை, பிறகு மூலிகை எண்ணெய் விற்கும் ஒரு வாசனைத் திரவியத் தோட்டம், அதன் பிறகு இன்னொரு கல்லுக் கடை. காலிக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை. அரை மணித்தியாலம் மதிலில் நடந்ததும் இருட்டிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் எனக்குக் கடனுக்குச் சரக்கு தந்த மனிதர். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் கொஞ்சமல்ல.

இது எப்படி நடக்கிறது என்று அறிய வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. என் கடையில் முன்பு வேலை செய்த இளைஞர் ஒருவர், இப்போது சொந்தமாக வேன் வைத்து, உல்லாசப் பிரயாணிகளை ஏற்றி ஓடுகிறார். அவருடன் ஒரு நாள் முழுவதும் அதே பாதையில் போனேன். கணக்குக் கொப்பியையும் மறைக்காமல் காட்டினார். அங்கே கண்டதை நமது வாசகர்களுக்கும் சொல்வது பிரயோசனம் என்று நினைக்கிறேன். ஏனெனில் களுத்துறையிலிருந்து மாத்தறை வரை இந்த வீதியோரத்தில் கடை, சாப்பாட்டுக் கடை, தங்குமிடம், வாகனம் என்று நம்மவர்கள் பலருக்கு இதில் பங்கு இருக்கிறது.

தனிப் பயணம் என்றால் என்ன? பெரிய பஸ்ஸில் நாற்பது பேரோடு போவதற்குப் பதிலாக, ஒரு குடும்பமோ இரண்டு மூன்று நண்பர்களோ ஒரு வாகனத்தை அன்றைய நாளுக்குத் தமக்கென்று எடுத்துக்கொள்வது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடிக்காத இடத்தை விட்டுவிடலாம். வாடிக்கையாளர் காசு கொடுப்பது வாகனத்துக்கு அல்ல, தன்னுடைய ஒரு நாளைத் தன் இஷ்டப்படி கழிப்பதற்கு. அரிசியும் சீனியும் விற்றால் குறைந்ததை மறுநாள் நிறுத்துக் கொடுக்கலாம். கெடுத்த நாளைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

இனிக் கணக்கு. வெளிநாட்டார் இப்போது பெரும்பாலும் இணையத்தளங்கள் மூலமே பதிவு செய்கிறார்கள். விளங்குவதற்காக, விருந்தாளி செலுத்தும் தொகையை நூறு ரூபா என்று வைத்துக்கொள்வோம். நம் இளைஞரின் கொப்பிப்படி, அதில் இருபத்தைந்து இணையத்தளத்துக்குப் போகிறது. டீசலும் அதிவேக நெடுஞ்சாலைக் கட்டணமும் இருபத்திரண்டு. லீசிங், டயர், சேர்விஸ், காப்புறுதி ஆகியவற்றுக்கு நாள் கணக்கில் பிரித்தால் இன்னொரு இருபத்தைந்து. தண்ணீர்ப் போத்தல், வாகனத் தரிப்பிடம், தன் சாப்பாடு எல்லாமாக எட்டு. மிச்சம் இருபது. அதிகாலை ஐந்துக்கு எழும்பி இரவு ஒன்பதுக்கு வீட்டுக்கு வருபவனின் கூலியும் இலாபமும் அந்த இருபதுதான்.

இப்போது பக்கத்து வேன்காரர் எழுபது ரூபாவுக்குப் போகிறார் என்று வையுங்கள். தளத்தின் பங்கு பதினேழரை. மற்றச் செலவு அதே ஐம்பத்தைந்துதான், டீசல் யாருக்கும் தள்ளுபடி செய்வதில்லை. ஆகவே வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதே இரண்டரை ரூபா நட்டம். நட்டத்துக்கு ஓட அவருக்கு என்ன நேர்ச்சையா? குறைந்ததைக் கடைகளில் எடுக்கிறார். விருந்தாளி வாங்கும் பொருளில் நூற்றுக்கு இருபது, முப்பது, சில கடைகளில் அதற்கும் மேலாக, ஏற்றி வந்தவருக்குப் போகிறது. கடைக்காரர் அதைத் தன் இலாபத்திலிருந்து கொடுப்பதில்லை, விலையில் ஏற்றி வைக்கிறார். மலிவாகக் கிடைத்ததென்று நான் சந்தோஷப்பட்ட அந்தத் தொகையின் மிச்சத்தை, என் விருந்தாளி கல்லுக் கடையில் கட்டியிருக்கிறார். நேரத்தாலும் கட்டினார், காசாலும் கட்டினார்.

பேருவளையில் கடை வைத்திருக்கும் என் பழைய நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க பேப்பரில எழுதிப்போட்டுப் போயிருவீங்க ஹாஜியார். நாளைக்கு நான் கொமிஷன் இல்லை எண்டு சொன்னா, வேன் என்ட கடையைத் தாண்டி அடுத்த கடையில நிக்கும். நான் கூலி எப்படிக் குடுக்கிற?" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவர்தான் நட்டப்படுவார். 2018ஆம் ஆண்டு இந்த நாட்டுக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகள், அதன் பின் கொரோனா என்று 2021இல் அது இரண்டு இலட்சத்துக்கும் கீழே போனது. 2022இல் எரிபொருள் வரிசை. 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடையில் கடனில் மூழ்கியவர்களிடம் கொள்கை பேசுவது இலகுவல்ல என்பது எனக்கும் தெரியும்.

ஆனாலும் அவரிடம் ஒன்று கேட்டேன். அந்தக் கல்லை வாங்கியவர் ஊருக்குப் போய் அங்கே ஒரு நகைக்கடையில் காட்டினால் என்ன நடக்கும்? கல் நல்ல கல்லாகத்தான் இருக்கும், பேருவளைக் கல்லில் பொய் இல்லை என்று வைத்துக்கொள்வோம். விலையில் மூன்றில் ஒரு பங்கு கல்லுக்கு உரியதல்ல என்று தெரியவரும்போது, அவர் சாரதியைத் திட்டமாட்டார். இலங்கைக் கல்லைத் திட்டுவார், கடையின் பெயரை உலகம் முழுக்க எழுதிவிடுவார். சீனன்கோட்டைச் சந்தையில் துணிக்கடியில் கையைப் பிடித்து விலை பேசி, வாய்ச்சொல்லில் இலட்சக்கணக்கான கல்லைக் கொடுத்து வாங்கிய பரம்பரை நாங்கள். அந்த நம்பிக்கையை வேன் கதவோரத்தில் விற்கவேண்டுமா? நண்பர் பதில் சொல்லவில்லை. தேநீர் மட்டும் கொண்டுவரச் சொன்னார்.

நம் இளைஞர் செய்வது இதுதான். நூறுக்குப் பதிலாக நூற்றிப் பதினைந்து கேட்கிறார். பதிவு செய்யும்போதே, எந்த இடத்தில் எத்தனை மணி, எங்கே நுழைவுச்சீட்டு, சாப்பாட்டுக் காசு யாருடையது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். கடைக்குக் கூட்டிப்போக மாட்டார். விருந்தாளி தானாகக் கல் பார்க்கவேண்டும் என்று கேட்டால் போவார். கொமிஷனைத் தனக்குத் தராமல் விருந்தாளியின் பில்லிலேயே கழித்து எழுதச் சொல்வார். பெறுமதியான கல் என்றால் தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகார சபையில் பரிசோதித்துக்கொள்ளச் சொல்கிறார். கல் எது, இயற்கையா செயற்கையா என்பது அங்கே தெரிந்துவிடும். "நானா, முதல் ஆறு மாசம் பத்துப் பேர் விலை கேட்டா ஏழு பேர் போயிருவாங்க" என்றார். இப்போதும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் வருகிறவர்களில் பலர் முன்பு வந்தவர்கள் சொல்லி அனுப்பியவர்கள். அவர்கள் நேரே தொலைபேசியில் பேசுவதால், தளத்துக்குப் போகும் இருபத்தைந்து மிச்சமாகிறது. அந்த இருபத்தைந்து, பல நாட்களில் கொமிஷனைவிடப் பெரிது.

அன்றைய பயணத்தையும் சொல்லவேண்டும். எல்லோரும் காலி வீதியால் தெற்கே இறங்கி, திரும்பும்போது அதிவேக நெடுஞ்சாலையில் வருவார்கள். இவர் தலைகீழாகச் செய்கிறார். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு நெடுஞ்சாலையில் நேரே காலி. வெயில் ஏறும் முன் கோட்டை மதிலில் நடந்து முடித்து, பிற்பகலில் கரையோர வீதியால் வடக்கே வருவது. காரணம் கேட்டேன். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. கொழும்பு நோக்கி வரும்போது கடல் இடப்பக்கம். ஆகவே அழகான இடம் கண்டால் வீதியைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஓரங்கட்டலாம். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு இது பெரிய விடயம். மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலில் மறைவதும் திரும்பும் வழியிலேயே கிடைக்கும். இத்தனை வருடம் அந்த வீதியில் போய் வந்த எனக்கு இது தோன்றியதில்லை. 1344ஆம் ஆண்டளவில் இங்கு வந்த இப்னு பதூதாவும் தெவிநுவரையிலிருந்து காலி, காலியிலிருந்து கொழும்பு என்று இதே திசையில்தான் போயிருக்கிறார். அவருக்கும் வழிகாட்டிகளும் சுமைகாரர்களும் கூட இருந்தார்கள். காலியில் இப்ராஹீம் என்ற கப்பல் தலைவர் விருந்து வைத்ததை எழுதியிருக்கிறார்.

காலிக் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்தது. 1988இல் உலக மரபுரிமைச் சொத்தாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. 2004 சுனாமியில் வெளியே நகரம் அழிந்தபோது இந்த மதில்தான் உள்ளே இருந்தவர்களைப் பெருமளவு காப்பாற்றியது. வெளிச்சவீட்டுக்கு எதிரே இருக்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலைத் தூரத்திலிருந்து பார்க்கும் வெள்ளைக்காரர்கள் தேவாலயம் என்று நினைப்பார்கள், கட்டட அமைப்பு அப்படி. வழிகாட்டி இருந்தால் அதற்குள் இருக்கும் கதையைச் சொல்வார், இல்லாவிட்டால் ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதேபோல் சீனாவிலிருந்து வருபவர்களிடம், 1409இல் செங் ஹோவின் கப்பற்படை செதுக்கிக் கொண்டுவந்த கல்வெட்டு 1911இல் காலியில்தான் கண்டெடுக்கப்பட்டது, அதில் சீனமும் தமிழும் பாரசீகமும் இருக்கின்றன, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது என்று சொன்னால், அடுத்த நாள் அங்கேயும் போவார்கள். அறிவு இருந்தால் அதுவும் சரக்குத்தான்.

பெரலியவில் அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். 2004 டிசம்பர் 26இல் ரயிலோடு ஆயிரத்துக்கும் அதிகமானோர் அடித்துச் செல்லப்பட்ட இடம். பத்து நிமிடம் நின்று, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பலப்பிட்டியில் மாதுகங்கைப் படகு. 2003இல் ரம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். கண்டல் காட்டுக்குள் படகு போவதும் தீவில் கறுவாப் பட்டை உரிப்பதைப் பார்ப்பதும் வெளிநாட்டாருக்குப் புதினம். அங்கேயும் ஏறுமுன் விலை பேசிக்கொள்ள வேண்டும். கொஸ்கொட ஆமைப் பொரிப்பகங்களுக்கு அவர் தாமாக அழைத்துப் போவதில்லை. பொரித்த குஞ்சை நாட்கணக்கில் தொட்டியில் வைத்திருப்பது அதற்குக் கெடுதி என்று துறைசார்ந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போது வருகிற விருந்தாளிகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். கொக்கலைப் பக்கம் கம்பத்தில் உட்கார்ந்து மீன் பிடிப்பவர்களைப் பார்க்க விரும்பினால் காலிக்கு அப்பால் இன்னும் போகவேண்டும். அங்கே பெரும்பாலும் படத்துக்குக் காசு கேட்பார்கள் என்று முன்பே சொல்லிவிட்டால் சண்டை வராது. மாலையில் பேருவளை கெச்சிமலைப் பள்ளிவாசல் முனையில் நின்றோம். கடலில் சூரியன் இறங்கியது. மஃரிப் தொழுதுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் கொழும்பு வந்துவிட்டோம்.

உங்கள் விருந்தாளியையோ சரக்கு அனுப்புபவரையோ இப்படி அனுப்பப் போகிறீர்கள் என்றால், விலையைக் கேட்கும் முன் சிலவற்றைக் கேளுங்கள். வழிகாட்டிக்கு இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? வாகனம் ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்பவர்களுக்கென்று தனியான அனுமதி வகை இருக்கிறது. வாகனத்தின் காப்புறுதி வாடகை ஓட்டத்துக்கு உரியதா? சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதியோடு கூலிக்கு ஏற்றி விபத்து நடந்தால், கம்பனி கைவிரித்துவிடலாம். எந்த எந்தக் கடையில் நிற்பீர்கள் என்றும் நேராகவே கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆள் பாருங்கள். காலமும் முக்கியம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இந்தக் கரை அமைதி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். கோட்டையும் கறுவாவும் பார்க்கலாம், ஆனால் குளிப்பதற்கு என்று ஆசை காட்டி அனுப்பாதீர்கள்.

மலேசிய நண்பர் மறு வருடமும் வந்தார். நான் கேட்காமலே, நம் இளைஞரின் வேனை ஏற்பாடு செய்து கொடுத்தேன், விலையைப் பற்றிப் பேசவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவைக் கோட்டைக்குள் மீரான் பள்ளியில் தொழுதுவிட்டு, ஒரு மணிக்குப் பிறகு கரையோர வீதியில் புறப்பட்டிருக்கிறார்கள். இரவு வந்தபோது அந்த அம்மாவின் கையில் ஒரு கட்டுக் கறுவாப் பட்டை இருந்தது. மாதுகங்கைத் தீவில் பட்டை உரித்தவரிடமே வாங்கினாராம்.