ஒரே நாளில் இன்னோர் அப்பா! - சினிமாவைப் பார்த்துச் சிரிக்கும் பூதப்பாண்டி வாழை

குமரி மாவட்டத்தில் உள்ள ஊர் பூதப்பாண்டி. பொதுவுடைமைத் தலைவர் ஜீவானந்தம் பிறந்த ஊர். சுற்றிலும் வயல்களும் வாழைத் தோட்டங்களும் உண்டு.

அங்கே வாழை பயிரிடுகிறவர் விதை தேடி அலைவதில்லை. தாய் வாழையின் அடியில் முளைத்த கன்றைக் கிழங்கோடு பெயர்த்து எடுப்பார். வேறு குழியில் நடுவார். ஏத்தன் கன்று ஏத்தன் குலையே தள்ளும். மட்டிக் கன்று மட்டிக் குலையே தள்ளும்.

ஓர் உயிரின் அச்சாக இன்னோர் உயிரை உண்டாக்கும் இந்த முறைக்கு "குளோனிங்" என்று பெயர். "சிறு கிளை" என்ற பொருள் உள்ள கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது இது. 1903-ம் ஆண்டில் செடிகளுக்காகத்தான் இந்தப் பெயரை வைத்தார்கள்.

ஹாலிவுட்காரர்களுக்குச் செடி போதவில்லை. மனிதனையே குளோனிங் செய்து படம் எடுத்துவிட்டார்கள்!

ஜன்னல் வழியே பார்த்தால்...

2000-ம் ஆண்டில் வந்த அந்தப் படத்தின் பெயர் "தி சிக்ஸ்த் டே". "ஆறாம் நாள்" என்று பொருள். கதாநாயகன் ஆர்னால்டு சுவார்சனேகர்.

அவர் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர். தமது பிறந்த நாளன்று வீடு திரும்புகிறார். ஜன்னல் வழியே பார்க்கிறார். உள்ளே இன்னோர் ஆர்னால்டு! மனைவி, மகளுடன் பிறந்த நாள் கொண்டாடுகிறார்!

இந்த இரண்டாவது ஆள் எப்படி வந்தார்? தொட்டியில் முகம் இல்லாத உடல்கள் மிதக்கின்றன. அதில் ஒன்றுக்கு ஆர்னால்டின் உருவத்தைக் கொடுக்கிறார்கள். அவருடைய நினைவுகளையும் ஏற்றுகிறார்கள். அவ்வளவுதான், ஆள் தயார்!

வில்லனின் அடியாட்கள் சாகிறார்கள். தொட்டியில் இருந்து மறுபடி வருகிறார்கள். மறுபடியும் சாகிறார்கள்!

மோசமான படங்களைக் கேலி செய்ய அமெரிக்காவில் "கோல்டன் ராஸ்பெரி" என்று ஒரு பரிசு உண்டு. அதில் மோசமான நடிகர் பட்டியலில் ஆர்னால்டு பெயர் வந்தது. மோசமான துணை நடிகர் பட்டியலிலும் அவரே, நகல் ஆர்னால்டாக! மோசமான ஜோடிப் பட்டியலிலோ, இரண்டு ஆர்னால்டுகளும் சேர்ந்தே வந்தார்கள்!

உண்மை என்ன?

1996-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் "டாலி" என்ற ஆடு குளோனிங் முறையில் பிறந்தது. 277 கருமுட்டைகளில் முயன்று, கிடைத்தது ஒரே ஒரு குட்டி. ஆம், குட்டிதான்! ஓர் ஆட்டின் வயிற்றில் வளர்ந்து, பால் குடித்துத்தான் அது பெரிய ஆடு ஆயிற்று. நம் நாட்டில் கர்னால் நகரத்து விஞ்ஞானிகள் 2009-ல் எருமைக் கன்று ஒன்றை இப்படி உண்டாக்கினார்கள். மனிதனை யாரும் இப்படி உண்டாக்கியதாக நிரூபணம் இல்லை.

படத்தில் ஒரு கடை வருகிறது. செத்துப்போன நாயைக் கொடுத்தால், அதே நாயைத் திருப்பித் தருவார்கள். குழந்தை அழவேண்டியதே இல்லை!

இந்த ஆசையைத்தான் நம்பக்கூடாது. 2001-ல் அமெரிக்காவில் ஒரு பூனையைக் குளோனிங் செய்தார்கள். மூலப் பூனை மூவண்ணம். பிறந்த குட்டியின் நிறமோ வேறு! நிறமே திரும்பவில்லை. பழகிய பாசமும் நினைவும் எப்படித் திரும்பும்?

பூதப்பாண்டி விவசாயிக்கு இது தெரியும். குலை வெட்டியதும் தாய் வாழையைச் சாய்த்துவிடுவார். பக்கத்தில் கன்று நிற்கும். அதே இனம்தான், அதே ருசிதான். ஆனாலும் அது தாய் அல்ல, பிள்ளை.

அதற்கும் தண்ணீர் விட வேண்டும். உரம் போட வேண்டும். குலை தள்ளும்வரை காத்திருக்கவும் வேண்டும்!