பைல் அடிக்கும் வேலை

மேற்பரப்பு மண்ணுக்குக் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் வலிமை இல்லாத இடங்களில், அப்பாரத்தை ஆழத்திலுள்ள உறுதியான அடுக்குகளுக்குக் கொண்டு சேர்ப்பதற்காக நீண்ட தூண்களை நிலத்தில் இறக்குவது வழக்கம். இத்தூண்களே பைல் எனப்படுகின்றன. ஹூக்ளி நதியின் வண்டல் மீது எழுந்துள்ள கொல்கத்தா, கடற்களிமண் ஆழமாகப் படிந்துள்ள கொச்சி ஆகிய துறைமுக நகரங்களில் பைல் இன்றிப் பெரிய கட்டடங்களை எழுப்புவது அரிது. பைல் இரு வழிகளில் பாரத்தைத் தாங்குகிறது. அதன் முனை உறுதியான அடுக்கின்மேல் ஊன்றி நிற்பது ஒன்று. அதன் பக்கங்களை மண் பற்றிக்கொள்வதால் உண்டாகும் உராய்வு மற்றொன்று.

பைல்களில் பல வகை உண்டு. நிலத்தில் துளையிட்டு அதில் கான்கிரீட்டை வார்ப்பது ஒரு முறை. கரிசல் மண்ணுக்கு ஏற்றவாறு அடிப்பாகம் குமிழ்போல் அகன்ற பைல்களை ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. முன்னரே வார்த்துப் பதமாக்கிய கான்கிரீட் தூணைச் சம்மட்டியால் அடித்து இறக்குவது பிறிதொரு முறை. இக்கட்டுரை இம்முறையைப் பற்றியது.

குழுவின் அமைப்பு

பைல் அடிக்கும் குழுவில் மேஸ்திரி, பாரந்தூக்கியை இயக்குபவர், சம்மட்டியை இயக்குபவர், சைகை காட்டுபவர், கயிறும் கொக்கியும் மாட்டும் கலாசிகள், பதிவேடு எழுதுபவர் ஆகியோர் இடம் பெறுவர். பாரந்தூக்கியை இயக்குபவருக்குத் தூணின் அடிப்பாகம் பெரும்பாலும் தெரியாது. ஆகவே அவர் ஒருவரின் சைகையை மட்டுமே பின்பற்ற வேண்டும். பலர் சைகை காட்டினால் விபத்து நேர்வது உறுதி. இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: "நிறுத்து" என்னும் சைகையை எவர் காட்டினாலும் உடனே நிறுத்த வேண்டும்.

தூணைத் தூக்குதல்

350 மில்லிமீட்டர் சதுரமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட கான்கிரீட் தூணின் எடை சுமார் 3.7 டன். கிடையாகக் கிடக்கும் இத்தூணைத் தூக்கும்போது அது தன் எடையாலேயே வளைகிறது. எந்த இடத்தில் கயிற்றைக் கட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இவ்வளைவு கூடும் அல்லது குறையும். கிடையாகவே தூக்குவதற்கு ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.207 பங்கு தள்ளி, அதாவது 12 மீட்டர் தூணில் சுமார் 2.5 மீட்டர் தள்ளி, இரு இடங்களில் கட்ட வேண்டும். ஒரே இடத்தில் கட்டி நிமிர்த்துவதாயின் தலையிலிருந்து 0.293 பங்கு, அதாவது சுமார் 3.5 மீட்டர் கீழே கட்ட வேண்டும். இவ்வாறின்றித் தலைமுனையிலேயே கட்டித் தூக்கினால், தூணில் உண்டாகும் வளைவிசை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இதனால் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றலாம். பின்னர் அவற்றின் வழியே நீர் புகுந்து உள்ளிருக்கும் இரும்புக் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். தூக்க வேண்டிய இடங்களை வண்ணக் கோட்டால் குறித்து வைப்பது நல்ல பழக்கம்.

தூணை வழிகாட்டிச் சட்டத்தில் நிறுத்தியபின், ஒன்றுக்கொன்று செங்கோணமான இரு திசைகளிலிருந்தும் தூக்குக்குண்டினால் அதன் நேர்மையைச் சோதிக்க வேண்டும். செங்குத்துப் பைல் 100-க்கு 1.5 பங்குக்கு மேல் சாயலாகாது என்பது இந்தியத் தர விதி. முதல் சில மீட்டர் இறங்கியபின் சாய்வைத் திருத்த முயல்வது தூணை முறித்துவிடக்கூடும்.

சம்மட்டியின் அடி

பழங்காலத்தில் பலர் கூடிக் கயிற்றை இழுத்துப் பாரத்தை உயர்த்தி விழவிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் நாஸ்மித் நீராவிச் சம்மட்டியை இவ்வேலைக்குக் கொண்டு வந்தார். பின்னர் டீசல் சம்மட்டியும் எண்ணெய் அழுத்தச் சம்மட்டியும் வந்தன. எதுவாயினும் அடிப்படைத் தத்துவம் ஒன்றே.

3 டன் சம்மட்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும், 1.5 டன் சம்மட்டி 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒரே அளவு சக்தியைத் தருகின்றன. ஆயினும் முதலாவது விநாடிக்கு 4.4 மீட்டர் வேகத்திலும் இரண்டாவது 6.3 மீட்டர் வேகத்திலும் தூணைத் தாக்குகின்றன. வேகம் கூடினால் தூணின் தலையில் தோன்றும் தகைவும் கூடுகிறது. ஆகையால் கனமான சம்மட்டியைக் குறைந்த உயரத்திலிருந்து விடுவதே சிறந்தது. சம்மட்டிக்கும் தூணுக்கும் இடையே இரும்புத் தொப்பியும் மரத் திண்டும் வைக்கப்படுகின்றன. திண்டு நசுங்கி இறுகிவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

அடி விழுந்ததும் ஓர் அமுக்க அலை கான்கிரீட்டில் விநாடிக்குச் சுமார் 4,000 மீட்டர் வேகத்தில் கீழே பாய்கிறது. முனை கடினமான அடுக்கில் இருந்தால் அது அமுக்க அலையாகவே திரும்புகிறது. முனை மென்மையான சேற்றில் இருந்தாலோ அது இழுவை அலையாக மாறித் திரும்புகிறது. கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்குவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுவையையே தாங்கவல்லது. எனவே, "தூண் எளிதாக இறங்குகிறதே" என்று மென்மையான மண்ணில் சம்மட்டியை முழு உயரத்திலிருந்து விடுவது ஆபத்து. தூண் மண்ணுக்குள்ளேயே வெடித்துவிடலாம். மேலே நிற்பவர்களுக்கு அது தெரியாது. இந்த அலையைக் கணக்கிடும் முறையை ஸ்மித் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1960-இல் விரிவாக வெளியிட்டார்.

கடைசிப் பத்து அடிகள்

தூண் போதிய ஆழத்தை அடைந்ததா என்பதை அறிய, கடைசிப் பத்து அடிகளில் அது எவ்வளவு இறங்கியது என்று அளக்கிறார்கள். தூணின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி, நிலத்தில் தனியே ஊன்றிய சட்டத்தின்மீது பென்சிலை வைத்து மெல்ல நகர்த்தினால், ஒவ்வோர் அடிக்கும் தூண் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு மீண்டு எழுந்தது என்ற இரண்டும் கோடாகப் பதிகின்றன.

பத்து அடிகளுக்கு 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அடிக்கு 2.5 மில்லிமீட்டர் இறங்கியதாகக் கொள்வோம். 3 டன் சம்மட்டி 1 மீட்டர் விழுந்த சக்தி முழுவதும் தூணை இறக்குவதற்கே செலவாயிற்று என்று கணக்கிட்டால், மண்ணின் எதிர்ப்பு 1,200 டன் என வரும். இது நம்பத்தக்கதன்று. உண்மையில் பெரும்பகுதிச் சக்தி மோதலிலும், வெப்பத்திலும், தூணும் மண்ணும் சுருங்கி மீள்வதிலும் வீணாகிறது. வெல்லிங்டன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தந்த எளிய சூத்திரம், இந்நஷ்டத்துக்காக இறக்கத்துடன் 25 மில்லிமீட்டரைக் கூட்டி, பாதுகாப்புக்காக ஆறால் வகுக்கிறது. அதன்படி தூணின்மேல் ஏற்றத்தக்க பாரம் சுமார் 18 டன் மட்டுமே. இத்தகைய சூத்திரங்கள் மணற்பாங்கான நிலத்தில் ஓரளவு பயன்படும். களிமண்ணில் அவற்றை நம்பலாகாது.

அதற்குக் காரணம் உண்டு. களிமண்ணில் தூணை அடிக்கும்போது துளைநீரின் அழுத்தம் உயர்ந்து, மண் தற்காலிகமாக வலிமை இழக்கிறது. சில நாட்களில் நீர் வடிந்ததும் மண் மீண்டும் இறுகித் தூணைப் பற்றிக்கொள்கிறது. இதற்கு மாறாக, நெருக்கமான நுண்மணலில் தூண் முதலில் இறங்க மறுத்து, ஓய்வுக்குப் பின் அடித்தால் எளிதாக இறங்குவதும் உண்டு. ஆகவே சில தூண்களையேனும் சில நாட்கள் கழித்து மறுபடி அடித்துப் பார்ப்பது அவசியம். முடிவான சான்று பாரச் சோதனையே. கட்டடத்தில் இடம்பெறும் பைல்களுள் சிலவற்றை, அவை தாங்கவேண்டிய பாரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிப்பது வழக்கம்.

பாதுகாப்பு

பைல் வேலைக்கான இந்தியப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 1969-இல் வெளிவந்தது. களப்பணியாளர் மனத்தில் கொள்ள வேண்டிய சில: உயர்த்திய சம்மட்டியின் கீழ் எவரும் நிற்கலாகாது. கீழே வேலை செய்ய நேர்ந்தால் சம்மட்டியைக் கயிற்றை மட்டும் நம்பி விடாமல், இரும்பு முளையால் தடுத்து நிறுத்த வேண்டும். இரும்புக் கயிற்றில் அறுந்த இழைகள் உள்ளனவா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். பாரந்தூக்கி நிற்கும் தரை மென்மையானதாயின் கனத்த மரப்பலகைகளைப் பரப்ப வேண்டும். மேலே மின்கம்பிகள் உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும். சம்மட்டியின் அருகே ஒலி 100 டெசிபலை எளிதில் தாண்டும். செவிக் கவசமின்றிப் பல ஆண்டுகள் உழைப்பவரின் செவிப்புலன் மீளாதவாறு கெடுகிறது.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இத்தத்துவங்களை எளிதில் விளக்கலாம். ஒரு தகர டப்பாவில் ஈரக் களிமண்ணை நிரப்பி, அதில் ஒரு மூங்கில் குச்சியைப் பாதியளவு அடித்து இறக்குக. ஒரே எடைக்கல்லை ஒரே உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் குச்சி இறங்கும் அளவைக் குறிக்குக. பின்பு ஈரத்துணியால் மூடி ஒரு நாள் வைத்திருந்து, மறுநாள் அதே முறையில் மீண்டும் அடித்து, முதல் நாள் அளவுடன் ஒப்பிடுக. களிமண் ஓய்வில் இறுகுவதை மாணவர்கள் இதனால் நேரில் காண்பர்.

மண்ணுள் மறைந்த தூணை மீண்டும் எடுத்துப் பார்க்க இயலாது. அதைப்பற்றிப் பின்னால் வரும் பொறியாளர் அறியக்கூடியது பதிவேட்டில் உள்ளது மட்டுமே. ஆகையால் தூணின் எண், நீளம், சம்மட்டியின் எடை, விழுந்த உயரம், ஒவ்வொரு மீட்டருக்கும் ஆன அடிகள், கடைசிப் பத்து அடிகளின் இறக்கம் ஆகியவற்றை அந்தந்த நேரத்திலேயே எழுத வேண்டும். திடீரென்று எளிதாக இறங்கிய தூணைப் பற்றிய குறிப்பு மிக முக்கியமானது. அது முறிந்த தூணாக இருக்கலாம். அதை மறைக்காமல் எழுதினால், பக்கத்தில் வேறொரு தூணை இறக்கிக் கட்டடத்தைக் காக்க வழியுண்டு.