தானியத் தட்டு யாரை வளர்க்கிறது?

மார்ச் 20-ஆம் தேதி உலகச் சிட்டுக்குருவி நாள். அதற்குள் பெட்டி மாட்டிவிட வேண்டும், தட்டு வைத்துவிட வேண்டும் என்ற அவசரம் வாசகர் கடிதங்களில் தெரிகிறது. கூடவே ஒரு குழப்பமும். பொங்கல் வரை கூட்டமாக வந்து கம்பும் நொய்யும் கொத்திய குருவிகள் இப்போது ஏன் எட்டிப் பார்ப்பதில்லை? தீனியில் குறையா, தட்டில் குறையா, எதிர்மாடியில் நிற்கும் செல்போன் கோபுரமா?

கோபுரத்தை முதலில் பார்த்துவிடுவோம். 2018-இல் ‘2.0’ படம் வந்த பிறகு அது ஊரறிந்த உண்மைபோல ஆகிவிட்டது. பறவை ஆர்வலர்கள் பதிவுசெய்த பட்டியல்களைத் தொகுத்து வெளியான 2020-ஆம் ஆண்டு ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கையோ, கோபுரக் கதிர்வீச்சால் குருவி குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை என்கிறது. நாட்டளவில் குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மெல்லக் குறைந்துவருகிறது. இதுதான் அந்த அறிக்கையின் கணிப்பு. ‘அழிந்துவரும் இனம்’ என்று விழா மேடைகளில் சொல்வது இதனோடு பொருந்தவில்லை.

குருவி தட்டை மறப்பதற்கான முக்கியக் காரணம் அதன் கூட்டில் இருக்கிறது. குஞ்சு இல்லாத நாட்களில் கூட்டமாகத் திரியும் குருவிகள், கூடு கட்டத் தொடங்கியதும் இணை இணையாகப் பிரிந்துவிடும். குஞ்சு பொரித்தபின் அவற்றின் தேவையே மாறிவிடுகிறது. வளர்ந்த குருவி தானியம் தின்னும். பிறந்த குஞ்சுக்கு அது ஊட்டுவது அநேகமாக முழுக்கப் புழு பூச்சிதான். இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் அந்தக் குஞ்சு இறகு முளைத்துப் பறந்தாக வேண்டும். அதற்கு வேண்டிய புரதம் நொய்யில் இல்லை.

அவரைப் பந்தல் உள்ள வீட்டில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். கொழுந்தில் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினியைப் பெண் குருவி ஒவ்வொன்றாகப் பொறுக்கும். விழுங்காது, அலகோரத்தில் சேர்த்துக்கொண்டே போகும். வழியில் ஒரு பச்சைப் புழு கிடைத்தால் அதைக் கிளையில் இரண்டு முறை அடித்து, அதையும் கவ்விக்கொண்டு ஓட்டுக்கூரை இடுக்குக்குள் நுழையும். சில நிமிடத்தில் திரும்பி வரும். நாம் நிரப்பி வைத்த தட்டு பக்கத்திலேயே தொங்கும். குஞ்சுக்கு அதில் ஒன்றும் இல்லை என்பது அதற்குத் தெரியும்.

என்னைக் கலங்கவைப்பது இனி வருவதுதான். தட்டில் மிஞ்சும் தானியத்துக்குப் புறா வருகிறது. புறாவுக்கும் குஞ்சு வளர்க்கப் புரதம் வேண்டும். ஆனால் அது பூச்சி தேடிப் போவதில்லை. கழுத்தடியில் உள்ள தீனிப்பையின் உள்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த திசு தயிர்க்கட்டிபோல உதிர்கிறது. ஆண், பெண் இரண்டுக்குமே இது சுரக்கும். புறாப்பால் என்பது இதுதான். முதல் சில நாட்கள் குஞ்சுக்கு இது மட்டுமே உணவு. பிறகு ஊறிய தானியத்தையும் கலந்து கக்கி ஊட்டும். தானியத்தையே பாலாக்கத் தெரிந்த பறவைக்கு, தானியம் கிடைக்கும் வரை ஆண்டு முழுவதும் குஞ்சு பொரிக்கத் தடையில்லை. ஆக, ஒரே கம்பு புறாவின் குஞ்சை வளர்க்கிறது. குருவியின் குஞ்சை வளர்ப்பதில்லை. குருவிக்காக மொட்டைமாடியில் கொட்டும் ஒவ்வொரு படி தானியமும் அடுத்த ஆண்டின் புறாக்கூட்டத்துக்கு நாம் போடும் முதல். அதே அறிக்கையின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பில், நன்றாகப் பெருகிவரும் பறவைகளின் வரிசையில் மாடப்புறா இருக்கிறது. மும்பையில் 2025-இல் புறாத் தீனியிடங்களான கபூதர்கானாக்களை மூட உத்தரவு வர, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. எச்சத்தூளால் வரும் நுரையீரல் நோய் அங்கே முக்கிய வாதம்.

இந்த வேறுபாட்டை அரசு விழாக்கள் கண்டுகொள்வதில்லை. அங்கே ‘குருவிப் பாதுகாப்பு’ என்றால் வழங்கிய பெட்டிகளின் எண்ணிக்கை. எத்தனை பெட்டியில் கூடு கட்டின, எத்தனை குஞ்சு பறந்தன என்ற கணக்கைக் கேட்டுப் பாருங்கள். பெட்டி கொடுத்த அதே தெருவில் மாலையில் கொசுப்புகை அடித்தால், குஞ்சுக்கான பூச்சியும் சேர்ந்தே சாகிறது. சிமென்ட் பூசிய முற்றமும், வெளிநாட்டு அலங்காரச் செடியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன.

அப்படியானால் புழுவையே வாங்கி வைக்கலாமா? லண்டனில் ஆய்வாளர்கள் குருவிக் கூட்டங்களுக்கு அருகே உயிருள்ள புழுக்களை வைத்துப் பார்த்தார்கள். பறக்கத் தொடங்கிய குஞ்சுகள் கூடின; கூட்டத்தின் அளவு மட்டும் பெரிதாக உயரவில்லை. இடம், மறைவு, குளிர்காலத் தாக்குப்பிடிப்பு என்று வேறு தடைகளும் இருக்க வேண்டும். ஆனாலும் குஞ்சின் பசி பூச்சிப் பசிதான் என்பதை அந்தச் சோதனை உறுதிசெய்தது. நம் வெயிலில் எளிய வழி ஒரு தொட்டி அவரையோ தட்டைப்பயறோ வளர்த்து, அசுவினியைக் கண்டதும் மருந்து தெளிக்காமல் விடுவது.

தட்டே வேண்டாமா? வேண்டும் என்றால், நம் திண்ணைகளில் முன்பு தொங்கிய நெற்கதிர்க் கொத்தை மீண்டும் கட்டுங்கள். குருவி தொற்றிக்கொண்டு கொத்தும். கனத்த புறாவால் அப்படித் தொங்கித் தின்பது கடினம்.

மீதிக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

அறுவடை நாட்களில் ஊர்ப்புறத்துக் குருவிகள் களத்துமேட்டில் இருக்கும், தேட வேண்டாம்.

ஒரே நொடியில் எல்லாம் பறந்து தட்டு வெறிச்சோடினால், பக்கத்து மரத்தில் வல்லூறு இருக்கிறதா, சுவரில் பூனை இருக்கிறதா என்று பாருங்கள்.

நீங்கள் ஒரு வாரம் ஊருக்குப் போனால் அவை பட்டினி கிடக்காது. உங்கள் வீடு அவற்றுக்குப் பல இடங்களில் ஒன்று.

மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட சோறு வேண்டாம்.

தட்டைக் கழுவிக் காயவையுங்கள். பிரிட்டனில் 2005 முதல் பரவிய ஓர் ஒட்டுண்ணி நோயால் ‘கிரீன்ஃபிஞ்ச்’ குருவிகள் பெருமளவில் செத்து, 2021-இல் அந்த இனம் அங்கே சிவப்புப் பட்டியலுக்குப் போனது. அழுக்கான தீனித்தட்டும் அந்த நோய் பரவும் வழி.

தண்ணீர்ச் சட்டி வைத்தால் தானியத்தை அதிகம் நாடாத கொண்டைக்குருவியும் தவிட்டுக்குருவியும்கூட வரும். தினமும் தேய்த்து மாற்றாவிட்டால் கொசு முட்டையிடும்.

பெட்டியின் துளை 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கட்டும், மைனா நுழையாது. 20-ஆம் தேதிக்குள் மாட்டியாக வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் சிட்டுக்குருவி ஆண்டின் பெரும்பகுதியிலும் கூடு கட்டும்.