கேத் லேப் கதவு திறக்கிறது... வாங்க, எட்டிப் பார்ப்போம்!

முதலில் செருப்பைக் கழற்றுங்கள். தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகக்கவசம். அடுத்து அந்த மேலங்கி... அடடா, ஒற்றைக் கையால் தூக்காதீர்கள்! உள்ளே ஈயம். ஐந்தாறு கிலோ கனக்கும். எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமலிருக்க இதை மாட்டிக்கொண்டுதான் இதய மருத்துவர்கள் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். நம் இதயத்தைச் சரிசெய்து சரிசெய்தே அவர்களில் பலர் முதுகைக் கெடுத்துக்கொள்கிறார்கள், பாவம்.

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் ஐ.ஜே.என். என்கிற தேசிய இருதயக் கழகம், செர்டாங் மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவமனை என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கேத் லேப் எனப்படும் இப்படிப்பட்ட இதயக் குழாய்ச் சிகிச்சை அறைகள் பல உண்டு. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான்: எலும்பைத் துளைக்கும் ஏர்கோன் குளிர், நடுவே குறுகலான படுக்கை, அதைச் சுற்றிச் சுழலும் வளைந்த எக்ஸ்ரே கருவி, எதிரே பெரிய பெரிய திரைகள். சில மருத்துவர்கள் பாட்டு வேறு போட்டுவிடுவார்கள்.

படுக்கையில் கிள்ளானிலிருந்து வந்த ஓர் அங்கிள் என்று வைத்துக்கொள்வோம். வயது 56. மலேசியாவில் மாரடைப்போடு வருகிறவர்களின் சராசரி வயது அறுபதைக்கூடத் தொடவில்லை. மேலை நாடுகளில் இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது. அங்கிளுக்கு இதயத்தில் வேலை நடக்கப் போகிறது. ஆனால் அவர் விழித்திருக்கிறார்! பேசுகிறார்! மரத்துப்போக ஊசி போடுவது மணிக்கட்டில் மட்டும்தான்.

அந்த மணிக்கட்டு நாடிக்குள் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய் நுழைகிறது. கை வழியே ஏறி, தோளைத் தாண்டி, இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் நாளத்தின் வாயில் போய் நிற்கிறது. "உடம்பெல்லாம் கொஞ்சம் சூடா இருக்கும் அங்கிள், பயப்படாதீங்க" என்கிறார் நர்ஸ். அயோடின் கலந்த சாயம் உள்ளே பாய்கிறது. திரையில் கறுப்புக் கிளைகள் விரிகின்றன. அதில் ஒரு கிளை பாதியிலேயே முறிந்து நிற்கிறதே, அங்கேதான் அடைப்பு. கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, வழியை மூடிவிட்டது.

இனி வேடிக்கையைப் பாருங்கள். 0.36 மில்லிமீட்டர் கம்பி ஒன்று அந்த உறைகட்டியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகிறது. அதன்மேலேயே சுருட்டிய பலூன். ஊதுகிறார்கள், 14 அல்லது 16 வளிமண்டல அழுத்தத்துக்கு. உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றைவிட ஆறேழு மடங்கு! அந்த அழுத்தத்தில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் விரிந்து நாளச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நாளம் மறுபடி சுருங்காமலிருக்க அதன்மேல் மருந்து பூசியிருப்பார்கள். அப்படிப் பூசப்படும் சிரோலிமஸ் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? பசிபிக் கடல் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து. 1964இல் அள்ளிவந்த மண்!

மறுபடி சாயம். முறிந்த கிளை நுனிவரை கறுத்து ஓடுகிறது. சில சமயம் ரத்தம் பாய்ந்த அந்த நொடியிலேயே இதயம் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். அதற்காகவே மின் அதிர்ச்சி கொடுக்கும் பட்டைகளை முன்கூட்டியே நெஞ்சில் ஒட்டிவைத்து ஆள் தயாராக நிற்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்றால் அங்கிள் சொல்வார்: "நெஞ்சு லேசாயிட்ட மாதிரி இருக்கு."

இந்தக் குழாய் விளையாட்டைத் தொடங்கிவைத்த ஆளின் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1929, ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே. வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது இளம் மருத்துவர், கை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைத் தொடலாம் என்கிறார். மேலதிகாரி கூடாது என்கிறார். நர்ஸோ, செய்வதானால் என்மேல் செய்யுங்கள் என்கிறார். அவரை மேசையில் கட்டிவைத்துவிட்டு, இந்த மனிதர் நைசாகத் தன் கை ரத்தக்குழாயிலேயே குழாயைச் செருகிக்கொண்டார்! குழாய் தொங்க நடந்தே எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படமும் எடுத்தார். கிடைத்தது திட்டுதான். பின்னாளில் சிறுநீரக, சிறுநீர்ப்பை வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவரை 1956இல் நோபல் பரிசு தேடி வந்தது. பலூனைக் கொண்டுவந்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். சூரிக்கில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் பலூன் செய்து பார்த்தவர், 1977 செப்டம்பரில் முதல் நோயாளியின் இதய நாளத்தை விரித்தார்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1989 ஜனவரியில் பிரதமர் மகாதீருக்கு மாரடைப்பு. வெளிநாட்டுக்குப் போகலாம் என்ற யோசனையை ஒதுக்கிவிட்டு, கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலேயே பைபாஸ் செய்துகொண்டார். கத்தி பிடித்தவர் டாக்டர் யாஹ்யா அவாங். 1992இல் ஐ.ஜே.என். பிறந்தது. 2007இல் மகாதீருக்கு இரண்டாவது பைபாஸ் அங்கேயே நடந்தது. 63 வயதில் முதல் பைபாஸ் செய்துகொண்டவர் 2025 ஜூலையில் நூறாவது பிறந்தநாள் கண்டார். உள்ளூர் வைத்தியத்துக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் யார் கொடுப்பார்?

கேத் லேப்பைவிட எனக்கு மலைப்பாக இருப்பது அதற்கு வெளியே நடக்கும் ஓட்டம். கதவுக்குள் நோயாளி நுழைந்து 90 நிமிடத்துக்குள் பலூன் விரிந்தாக வேண்டும் என்பது கணக்கு. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா போன்ற மருத்துவமனைகளையும் பெரிய மையங்களையும் இணைக்கும் வலையமைப்பு 2015 வாக்கில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்ததும் படம் பெரிய மையத்துக்கு வாட்ஸ்அப்பில் பறக்கும். அங்கே தூங்கிக்கொண்டிருக்கும் மருத்துவர் எழுந்து, பார்த்து, "அனுப்புங்க" என்பார். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நேரத்துக்கு வந்து சேர முடியாது என்றால் உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை இங்கேயே போட்டுவிட்டு அப்புறம் அனுப்புவார்கள். அந்த ஊசி முதல் மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் நன்றாக வேலை செய்யும். நேரமாக ஆக உறைகட்டி இறுகிவிடும், இதயத் தசையும் செத்துக்கொண்டே போகும்.

இத்தனை பேர் நிமிடத்தை எண்ணிக்கொண்டு ஓடும்போது, மணிக்கணக்கில் நேரம் எங்கே போகிறது? நம் வீட்டு ஹாலில்! "காஸாத்தான் இருக்கும்." கோடாலித் தைலம் தேய். ஓமத் தண்ணீர் குடி. ஈனோ கலக்கு. கொஞ்சம் படுத்தால் சரியாகும். விடியட்டும், கிளினிக் திறக்கட்டும். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அதுவும் நீரிழிவு உள்ளவருக்கு நெஞ்சுவலியே வராமல் வெறும் மூச்சிரைப்பும் வியர்வையும் அசதியுமாக மாரடைப்பு வரலாம். பெண்களுக்கும் பல நேரம் அப்படித்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 சதவீதம். மக்கள்தொகையில் ஏழு சதவீதத்தைக்கூட எட்டாத நாம், மாரடைப்புப் பதிவேட்டில் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம்பிடித்திருக்கிறோம்.

இதற்காக பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டை மறந்துவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கம் போய்விட்டு முறுக்கில்லாமல் திரும்ப எனக்கே முடியாது. ஆனால் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை நாளுக்கு நான்கு முறை குடிப்பதற்கு என்ன சாக்கு? "தே ஓ கொசோங்" என்று சொல்லிப் பழக ஒரு வாரம் போதும். சிகரெட்டுக்குப் பேச்சே இல்லை, விட வேண்டியதுதான். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. 2019இல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், தகுதியுள்ள, 40 வயதை எட்டியவர்களுக்குப் பரிசோதனையே இலவசம்.

இன்னொரு ரகசியம், கேத் லேப்காரர்கள் பல்லைக் கடிப்பது எதற்குத் தெரியுமா? "ஸ்டென்ட் வெச்சாச்சே, இனி மருந்து எதுக்கு?" என்று மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்துத்தான். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் இரண்டு மாத்திரைகளையும் வழக்கமாக ஓராண்டாவது விழுங்க வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் புது ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும்.

ஈய அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுக் கிளம்பலாம். போகும்போது வீட்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிவையுங்கள்: நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் வியர்வை. இதில் எது வந்தாலும் தைலத்தைத் தேடாதீர்கள், நீங்களே காரை ஓட்டிக்கொண்டும் கிளம்பாதீர்கள். 999ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரி போய்க் கடைசியில் வெறும் காஸ் என்று தெரிந்தால், யாரும் உங்களைத் திட்டப்போவதில்லை.