பிச்சாவரத்தை வெட்டியது யார்?

புவனகிரிப் பாலத்தின் கீழ் ஓடும் வெள்ளாறும், தெற்கே கொள்ளிடமும் கடல்சேரும் இடைவெளியில் நிற்பதே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. அது நலிந்ததற்குக் கரையோர ஏழைகளின் அரிவாளையும் ஆடுமாடுகளையுமே காரணமாகச் சொல்வது வழக்கம். பிரசங்கத்திலும் நாம் அவ்வாறே கூறியதுண்டு. அம்மக்களிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1970கள் வரை பல்லாண்டுகளாக அங்கு மரம் வெட்டியது வனத்துறையே. காட்டைக் கூறு போட்டு, திட்டப்படி ஒவ்வொரு கூறாக மொட்டையடித்தனர். நிழலிழந்த சேறு வெயிலில் சுருங்கித் தாழ்ந்து தொட்டிபோலாயிற்று. கடல் ஏறும்போது புகுந்த நீர், வடியும்போது வெளியேற வழியின்றித் தேங்கிக் காய்ந்தது. உப்பு மிகுந்து, விழுந்த விதையும் முளைக்கவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் இதைக் கண்டறிந்தனர். வனத்துறையோடும் ஊராரோடும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினர். நீர் வந்துபோயிற்று, வெண்கண்டல் தழைத்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துப் பின்னிருந்த ஊர்களைக் காத்ததும் இக்காடே.

முறையாக வெட்டிய மரத்திற்கான சான்றின் விதிகளை வகுக்கும் எப்.எஸ்.சி. என்னும் உலக அமைப்பு 1993இல் தோன்றியது. முத்திரை இருக்கட்டும், பிச்சாவரத்தில் வெட்டியவர்களும் முறைப்படியே வெட்டினர். ஆய்வாளர் காட்டுக்குள் நேரில் சென்று பார்க்கவேண்டுமென்று அச்சான்றில் ஒரு விதி உண்டு. நமக்குப் பிடித்தது அதுவே.