வலையில் அகப்பட்ட கடற்குதிரை

கொச்சியிலே, மட்டாஞ்சேரிப் பக்கத்தில் வாழும் தமிழன்பர்களுக்குக் கழிமுகக் கரையின் சீனவலைகள் பழகிய காட்சி. கரையோர வலைகளிலே உணவு மீன்களோடு எப்போதேனும் விரலளவு விந்தையுயிர் ஒன்று சிக்கி வருவதுண்டு. அதுவே கடற்குதிரை.

தலை குதிரையை ஒத்திருக்கும். துடுப்பற்ற வாலோ சுருண்டு, கண்ட கயிற்றைப் பற்றிக்கொள்ளும். உடலிலே செதில் இல்லை. எலும்பு வளையங்களே கவசமாக அமைந்துள்ளன. தோற்றம் எவ்வாறாயினும் இது மீனே. செவுள்களால் மூச்சுவிடுகிறது, முதுகுத் துடுப்பை விரைவாக அசைத்து நிமிர்ந்தவாறே நீந்துகிறது. வயிற்றின் கீழே, வால் தொடங்குமிடத்தில், பை காணப்பட்டால் அஃது ஆண். பெண் இடும் முட்டைகளை அப்பையில் ஏற்று, குஞ்சுகளாக்கி வெளிவிடுவது தந்தையின் கடமை. எனவே பை பருத்த ஓர் ஆணைக் கொல்வது நூற்றுக்கணக்கான குஞ்சுகளையும் கொல்வதாகும்.

குழந்தைகள் இதனைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்க விரும்புவர். அது நடவாத காரியம். கடற்குதிரைக்கு இரைப்பை இல்லை, பல்லும் இல்லை. குழல்போன்ற வாயினால் சிற்றிறால் முதலிய நுண்ணுயிர்களை ஓயாது உறிஞ்சி உண்டாலன்றி அது பிழைப்பதரிது. கிணற்று நீரில் இட்டாலோ விரைவில் மடியும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? பிடிபட்ட இடத்து நீரையே ஒரு பாத்திரத்தில் முகந்து, ஈரக்கையால் மீனை அதில் விடுக. வலையைப் பற்றிய வாலை வெடுக்கென இழுக்கலாகாது, மெல்ல நெகிழ்த்துக. பின்னர்த் தாமதியாமல், பாசியோ கடற்புல்லோ உள்ள ஆழமற்ற நீரில் விட்டுவிடுக.

உலர்ந்தாலும் உருவம் குலையாத காரணத்தால், சீன மருத்துவத்துக்கும் அழகுப் பொருளுக்குமாக இதனை விலை கொடுத்து வாங்குவோர் உளர். பாக் நீரிணைக் கரையிலிருந்து முன்பு மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001இல் கடற்குதிரை சேர்க்கப்பட்டது. அது முதல் இதனைப் பிடித்தலும் விற்றலும் குற்றமாகும். உலர்ந்த மீனுக்கும் விலக்கில்லை. நாலு காசுக்கு ஆசைப்பட்டு வழக்கில் சிக்குவானேன்?

இனம் அறிய விழைவோர் கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தாரை அணுகலாம். 1947இல் தோன்றி, நம் மண்டபம் முகாமில் பல்லாண்டு இயங்கி, 1971இல் கொச்சிக்குப் பெயர்ந்த நிலையம் அது. ஆனால் மீனைத் தூக்கிச் செல்ல வேண்டுவதில்லை. நீரில் இருக்கும்போதே எடுத்த புகைப்படம் ஒன்று போதும். ஐயம் தீருமுன் மீன் கடல் சேர்ந்திருக்கட்டும்.